சுத்தமான சத்தம்

வாத்தியார் அமிர்தசாமிக்குப் பாட்டில் இரைச்சல் ஆகாது. அதனால், சத்தத்தோடு இரைச்சலையும் தூக்கிக் கொடுக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் வேண்டாமென்று, டேப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வால்யூம் குமிழ் மட்டுமே உள்ள பாசிவ் பெட்டியை வரதராசன்பேட்டை வீட்டில் வைத்திருந்தார். பாட்டு மெல்லத்தான் வரும். ஆனால் சுத்தமாக வரும். பாதியில் எழுந்துபோகும் மனைவி மரிய புஷ்பத்தின் மேல், "ஒனக்கெல்லாம் ரசனையே கெடயாது" என்று எரிந்துவிழுவார்.

எண்பத்து நாலாம் வருஷம் குமிழ் பழுதாயிற்று. அதைச் சரிசெய்யும்வரை அரியலூர் ரேடியோ கடைக்காரர் ஓர் ஆக்டிவ் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். போட்டதும் இரைச்சலோடு பாட்டு வீட்டை நிறைத்தது. முகஞ்சுளித்து நிறுத்தப் போனார்.

புஷ்பம் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "நிறுத்தாதீங்க. இப்பதாங்க எனக்குப் பாட்டு கேக்குது. இத்தினி நாளும் நீங்க கேக்குறதத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

அவளுக்குக் காது மந்தமென்று அமிர்தசாமிக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. குனிந்தபடியே குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.