படத்தைத் தின்ற கிடா

என் மாமா ஒரே ஓர் ஆட்டை நாலு வருஷமாகப் படம் செய்துகொண்டிருந்தார். வரைந்தார் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வரைகிறவன் வேறு, நான் செய்கிறவன் என்பார். ஒரு பலகையை எடுத்துத் துணிக் கிழிசல், சாக்கு நார், நூல், பழைய காலண்டர் தாள், மரத்தூள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மைதாப் பசையில் ஒட்டி, அதன் மேல் வண்ணம் பூசி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்ணை வைப்பார். தள்ளி நின்று பார்த்தால் நாயோ பூனையோ உயிரோடு உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் அம்மாவின் பழைய பாவாடை தெரியும். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம்.

மாமா அம்மாவின் தம்பி. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் எங்களோடுதான் இருந்தார். கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்யும் ஒருவரிடம் வேலை. அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஷிப்ட் வேலை என்பதால் வீட்டில் பாதி நேரம் தூங்குவார், மீதி நேரம் இருக்க மாட்டார். ஆகவே மாமாவைத் திட்டுகிற பொறுப்பு முழுக்க அம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தது. அவளும் குறை வைக்கவில்லை.

எங்கள் தெரு பேக்கரிக்காரர் வளர்த்த நாய் செத்துப்போனபோது, அதைப் படமாகச் செய்து தரும்படி மாமாவிடம் கேட்டார். அதுதான் முதல் ஆர்டர். படத்தை பேக்கரியில் கேக் அலமாரிக்கு மேலே மாட்டினார்கள். உயிரோடு இருந்தபோது அந்த நாயை எட்டி உதைத்தவர்கள்கூடப் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு பன் வாங்கிப் போனார்கள். அதிலிருந்து தெருவில் மாமாவுக்கு ஆர்டிஸ்ட் என்று பெயர் வந்தது.

பசை காய்ச்சும்போது மாமா ஒரு காரியத்தை மறக்கவே மாட்டார். அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். கல்லுப்பு மாதிரி இருக்கும், ஆனால் நல்ல நீலம். போட்டதும் வெள்ளைப் பசை மெல்ல இளநீலமாக மாறும். அது விஷம். அதைப் போடாவிட்டால் கரப்பானும் எலியும் படத்தை அரித்துவிடும். தெருச் சுவரில் ஒட்டிய போஸ்டரை மாடுகள் பசை ருசிக்காக உரித்துத் தின்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதனால் படத்தை வெளியே காயவைத்தால், எந்த மாடும் வந்து வாய் வைத்துச் செத்துவிடக் கூடாதென்று மாமா பக்கத்திலேயே குந்தியிருப்பார்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். ஆடு எங்கள் ஓனருடையது. கீழே வரிசையாக எங்களைப் போன்ற குடித்தனங்கள், மாடியில் ஓனர் வீடு. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் போர் போட்டபோது எவ்வளவு ஆழம் போயும் புழுதிதான் வந்ததாம். தண்ணீர் வந்தால் ஊர் அம்மனுக்கு ஹப்பாவில் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று அங்கேயே நின்று வேண்டிக்கொண்டார். ஹப்பா என்றால் அங்கே திருவிழா. தண்ணீர் பீறிட்டு வந்தது. ஓனர் சொன்ன சொல் தவறாமல் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கிவந்து மாடிப்படிக்குக் கீழே கட்டினார்.

வளர்க்கிற வேலை ஓனரம்மாவுடையது. தாயிடமிருந்து பிரித்த குட்டி கத்திக்கொண்டே இருந்ததால், அவர் பாட்டிலில் பால் கொடுத்தார். புட்டா என்று கூப்பிட்டார். கன்னடத்தில் செல்லக் குட்டி என்று அர்த்தம். செம்பட்டை உடம்பும் நெற்றியில் வெள்ளையுமாகப் புட்டா கிடாவாக வளர்ந்து நின்றபோது, அது அவர் மாடிப்படியில் காலெடுத்து வைக்கும் ஓசைக்கே எழுந்து நிற்கும். அவர் கறிகாய் வாங்கப் போனால் பின்னாலேயே போய்வரும்.

ஹப்பா நெருங்கியதும் மாடியில் பேச்சு தடித்தது. வேண்டுதலை மீற ஓனரம்மாவுக்கும் மனசில்லை, பயம். ஆனால் ஒன்று கேட்டார். போவதற்கு முன்னால் புட்டாவை உயிரோடு இருப்பதுபோல ஒரு படம் செய்து என் கண் முன்னால் மாட்டிவிடுங்கள், அப்புறம் வெட்டுங்கள். ஓனர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சும்மா சொல்லவில்லை, பூசாரி இருக்கும்போதே அம்மன் பேரில் வாக்குக் கொடுத்தார். படம் முதலில், கிடா பிறகு. கையோடு மாமாவைக் கூப்பிட்டு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் கறிக்காகத்தான் காத்திருந்தேன். குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் சாப்பாடு என்று ஓனர் சொல்லியிருந்தார். அதற்கு மேல், மாமா செய்த படத்தை ஊரே பார்க்கப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் வேறு அளந்துவிட்டிருந்தேன்.

மாமா முதலில் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தார். சாக்கு நாரைப் பிரித்துவைத்தார், பெயின்ட் டப்பாக்களை எடுத்துவைத்தார். படிக்குக் கீழே போய்ப் புட்டாவைப் பார்த்துப் பார்த்துத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஓனரம்மா மேலே படியில் உட்கார்ந்து அவரையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "ஹப்பாக்குள்ள முடிஞ்சிடுமாப்பா?" என்று கேட்டார். முடித்துவிடலாம் என்று மாமா சொன்னார். ஓனரம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கோடு போட்ட தாளை மடித்தார். பிறகு தலையைச் சொறிந்தபடி எழுந்து வந்துவிட்டார். நல்ல வேலைக்கு நேரமாகும் என்பதை இந்த அம்மா எவ்வளவு அழகாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று நான் வியந்தேன்.

மறுநாளிலிருந்து மாமாவின் போக்கே மாறிவிட்டது. சாக்கு நாரும் பெயின்ட் டப்பாவும் பரணுக்குப் போயின. பால்காரரிடமிருந்து காய்ந்த கடலைக்கொடி ஒரு கட்டு வந்தது. அதைப் பொடிப்பொடியாக நறுக்கி உடம்பு முழுக்க மயிராக ஒட்டினார். காதுக்குச் சோளத் தோகை, தாடிக்குச் சோளக் குஞ்சம், மூக்குக்குத் தவிடு. நிறம் பூச டீத்தூள் டிகாக்ஷனும் மஞ்சள்தூளும் அடுப்புக்கரியும். பெயின்ட் வாங்கக்கூட வக்கில்லை என்று ஊர் நினைக்குமே என எனக்கு மானம் போயிற்று. எல்லாம் இயற்கையாக இருக்கட்டும் என்றார் மாமா.

பசையும் மாறியது. ஓனரம்மா ஒரு வெல்லக் கட்டியைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார். வெல்லம் போட்டால் பசை கெட்டியாகப் பிடிக்குமாம். அந்தக் காலத்தில் கோட்டையெல்லாம் அப்படித்தான் கட்டினார்களாம். மாமா மறுபேச்சில்லாமல் கரைத்து ஊற்றினார். பசை வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்து, துத்தம் போடவில்லையே என்று நினைவுபடுத்தினேன். தீர்ந்துபோயிற்று என்றார். அலமாரியில் பொட்டலம் இருப்பதைக் காட்டினேன். அது பழசு என்றார். இவ்வளவு மறதிக்காரரை நம்பி ஓனர் ஆர்டர் கொடுத்திருக்கிறாரே என்று கவலையாக இருந்தது.

ஆனால் படம் வந்த அழகைச் சொல்ல வேண்டும். மாமா செய்ததிலேயே அதுதான் ஒசத்தி. திமிராகத் தலையைச் சாய்த்து, ஒரு காது மடிந்து, அசல் புட்டா. கண் மட்டும் பாக்கி. அதற்காக இரண்டு பழுப்புப் பொத்தான்களைத் தேடி எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஹப்பா அன்று காலையில் வைப்பதாகச் சொன்னார். கிட்டே போனால் படம் பாயசம் மாதிரி மணந்தது. எனக்கு அதன் மேல் அப்படி ஒரு ஆசை வந்துவிட்டது. நிஜப் புட்டாவை விட்டுவிட்டுப் படத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஹப்பாவுக்கு முந்தின நாள் மாலை, பசை நிழலில் உலர வேண்டும் என்று மாமா படத்தைத் தூக்கிப்போய் மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தார். தெருமுனையில் தமட்டை மேளம் அடிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் அங்கே ஓடினோம். மாமாவும் வந்தார். படத்துக்குப் பக்கத்தில் காவல் இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தாகம் எடுத்தது, நான் மட்டும் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.

புட்டா தன் படத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை. உடம்பு முடிந்து கழுத்துக்கு வந்திருந்தது. மறுநாளுக்காக அதை மஞ்சள் நீரில் குளிப்பாட்டி, நீளமான கயிற்றில் கட்டியிருந்தார்கள். ஓனரம்மா அதே படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். விரட்டவில்லை, கூப்பாடு போடவில்லை. அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டார் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து நானே கத்தினேன்.

எல்லாரும் வந்துவிட்டார்கள். பலகையில் வெள்ளை நெற்றி மட்டும் மிச்சம். நான் புரண்டு புரண்டு அழுதேன். இந்தத் திருட்டு ஆட்டை இப்போதே வெட்ட வேண்டும், நாளைவரைக்கும்கூட விட்டுவைக்கக் கூடாது என்று அந்தக் கூட்டத்திலேயே உரக்கச் சொன்னவள் நான் ஒருத்திதான். மாமா என் தலையில் கை வைத்தார்.

"அதுக்கு என்னம்மா தெரியும். பசிச்சுது, தின்னுடுச்சு."

ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனப்பா இது? நாளைக்கு ஹப்பா. ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கன்னடமும் தமிழுமாக மாமாவைப் பிடித்துக்கொண்டார். படம் போனால் போகிறது, கிடாவை வெட்டிவிடலாம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அப்போதுதான் ஓனரம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"படம் வந்தப்புறம்தானே கிடா? படம் எங்கே?"

ஓனர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி புட்டாவின் வாயை விரித்துப் பார்த்தார். நாக்கெல்லாம் மஞ்சளும் கரியும். அம்மன் பேரில் கொடுத்த வாக்கு வாக்குதான், அதோடு இப்படிக் கண்டதையும் தின்ற கிடா இந்த வருஷத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். படம் தயாராகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அம்மனுக்குப் பூசணிக்காய் வெட்டினார்கள். எங்களுக்குச் சித்ரான்னம் போட்டார்கள். புட்டா படிக்குக் கீழே அசைபோட்டுக்கொண்டிருந்ததை நான் எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்தபடி முறைத்துப் பார்த்தேன்.

அதிலிருந்து மாமாவுக்கு ஆர்டிஸ்ட் என்ற பெயர் போய், ஆடு தின்ன ஆர்டிஸ்ட் என்று பெயர் வந்தது. வேறு யாரும் ஆர்டர் தரவில்லை. ஒரு ஆட்டுகிட்டேயிருந்து ஒரு படத்தைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு யார் பொண்ணு குடுப்பா என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அடுத்த வருஷமும் படம் முடியவில்லை. மழையில் நனைந்து ஊறிவிட்டது. அதற்கடுத்ததில் மூக்கு சரியாக வரவில்லை என்று மாமாவே பிய்த்துப் போட்டார். இன்னொன்று பாதியிலேயே நின்றது. ஓனர் முதலில் திட்டினார், பிறகு எப்போதாவது கேட்டார், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். சாயங்காலங்களில் அவர் படிக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு புட்டாவின் கொம்புக்கு நடுவே சொறிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஹப்பாவிலும் பூசணிக்காய். எனக்கோ மாமாவைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது. பள்ளியில் யாராவது கேட்டால் அவர் மேடை அலங்காரம் செய்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

நான் ஏழாவது படித்தபோது, ஒரு மழைக்காலத்தில் புட்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்து ஊசி போட்டும் கேட்கவில்லை. ஓனரம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டே செத்துப்போயிற்று. ஓனர் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் குழி தோண்டவைத்தார். மாலையில் அவரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"இப்பவாவது அந்தப் படத்தை முடிச்சுக் குடுப்பா" என்றார்.

நாலு வருஷம் இழுத்தடித்த மாமா அந்த வாரமே முடித்துவிட்டார். பரணிலிருந்து சாக்கு நார் இறங்கியது, பெயின்ட் டப்பா இறங்கியது. இரவில் வெகுநேரம் உட்கார்ந்தார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை. பார்க்காமலே செய்தார். நெற்றி வெள்ளையும் மடிந்த காதும் அவர் கைக்கு மனப்பாடமாக இருந்தன. கடைசியில் தீப்பெட்டியைத் திறந்து, அந்த இரண்டு பொத்தான்களையும் எடுத்துத் துடைத்து, கண்ணை வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் எனக்கு அதைவிட இன்னொன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்குப் பசை காய்ச்சி இறக்கும்போது, மாமா அலமாரியிலிருந்து அதே பழைய பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். வெள்ளைப் பசை மெல்ல நீலமானது. ஒருவழியாக மாமாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.