நிழலில் காய வேண்டிய வெண்டை விதை

பூதலூர்ப் பக்கம் செந்தாமரையின் வெண்டைக்காய்க்குத் தனிப் பேர் உண்டு. யாராவது பாராட்டினால், "என் கையில என்னங்க இருக்கு? எல்லாம் அதுங்க செய்யற வேலை" என்பாள்.

அதுங்க என்றால் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள். உரக்கடையில் பொட்டலத்துக்குள் பொடியோடு பொடியாக உயிரோடு இருப்பவை. ஆறிய வடிகஞ்சியில் அந்தப் பொடியைக் குழைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தித்தான் விதைப்பாள். விதை முளைத்ததும் அதுங்க வேரோடு ஒட்டிக்கொண்டு செடிக்குத் தழைச்சத்து ஊட்டும்.

போன மாசியில் அப்படிப் புரட்டிய விதையை முறத்தில் பரப்பி, கூடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கணவர் இராஜாங்கம் அதைப் பார்த்தார். கஞ்சி பட்டது எதுவானாலும் வெயிலில்தான் காய வேண்டும் என்பது வடகம் தின்று வளர்ந்த அவருடைய அறிவு. முறத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். காக்காய் விரட்ட ஒரு கறுப்புத் துணியையும் கட்டிவிட்டுப் பெருமையாக இறங்கி வந்தார்.

சற்று நேரத்தில் தெருவே அதிர்ந்தது.

"கோடி உயிரைக் கொன்னுட்டீங்களே! வெயில் பட்டா அதுங்க செத்துப் போயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

இராஜாங்கத்துக்கும் ரோஷம் வந்துவிட்டது. "காலமெல்லாம் நான் வெயில்ல காயறேன். ஒரு நாளாவது என்னை நிழல்ல எடுத்து வச்சிருக்கியாடி?"

செந்தாமரை புதுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அதுங்க வேரோட ஒட்டிக்கிட்டு வேலை பாக்குதுங்க. நீங்க ஒட்டிக்கிட்டு இருக்கறது டீக்கடை பெஞ்சோட. அங்க நிழலுக்கு என்னங்க குறைச்சல்?"