மணி இல்லாத சைக்கிள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கை வீங்கிப் போய் பேனா பிடிக்க முடியவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்... இந்த வயதில் மலையில் சைக்கிள் ஓட்டி விழுந்தேன்.

ஆசைக்கு ஓட்டவில்லை. செவலைக்காக ஓட்டினேன்.

செவலை என் மாடு. விடியலில் கறக்கிற பாலைத் தேயிலைத் தோட்டத்து லோரியில் ஏற்றிவிட்டால், மலைக்குக் கீழே ரிங்லெட் டவுனில் கோவிந்தனுடைய டீக்கடையில் இறக்கிவிடுவார்கள். பல வருஷப் பழக்கம். திடீரென்று, லோரி இனிமேல் மத்தியானம்தான் இறங்கும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? என்னைக் கேட்பார்களா, மாட்டைக் கேட்பார்களா?

கோவிந்தன் நல்ல மனுஷன்தான். ஆனால் கடைக்காரன்.

"பசியாற வர்றவங்க பால் வரட்டும்னு உக்காந்திருப்பாங்களாக்கா? முதல் பஸ்சு வந்து நிக்கறதுக்குள்ள பால் வந்துடணும். இல்லன்னா நான் டின் பாலுக்கு மாறிடுவேன் லா. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

கோவிந்தன் வாங்காவிட்டால் இவ்வளவு பாலையும் வேறு யார் வாங்குவார்கள்? பால் போகாவிட்டால் தவிடு எங்கிருந்து வரும்? கியா பார்மில் முட்டைக்கோஸ் போடுகிற ஒருத்தர் ரொம்ப நாளாக மாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாலுக்கு இல்லை, சாணிக்கு. என் செவலையை ஒரு மனுஷன் சாணிக்காகக் கேட்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

கோலாலம்பூரில் இருக்கிற என் தம்பி முருகேசு காதுக்கு விஷயம் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் கார் மேல் ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கவலைய விடுக்கா. நீதான் அந்தக் காலத்துலயே இந்த மலையில சைக்கிள் ஓட்டினவளாச்சே."

அது நிஜம்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தப்பால்காரர். அவருக்குக் காய்ச்சல் கண்ட நாளில், தப்பால் பையை மாட்டிக்கொண்டு அந்தக் கறுப்பு சைக்கிளில் நான் இறங்குவேன். அதுவும் பனி விலகுவதற்கு முன்னால். நாலு பேர் பார்த்தால் எனக்குக் கால் பின்னிக்கொள்ளும். பிறகு தப்பாலுக்கு மோட்டார் வந்தது. சைக்கிள் துருப்பிடித்தது. அவரும் போய்ச் சேர்ந்தார். நான் சைக்கிளைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

இது மவுண்டன் பைக்காம். பச்சையும் மஞ்சளுமாக, கிளிக்குக் கல்யாணம் மாதிரி ஒரு நிறம். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது என்றான். அப்படியென்றால் நாங்கள் இத்தனை நாளும் எங்கே ஓட்டினோம்... கடற்கரையிலா?

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"மட்கார்டு எங்கடா?"

"இதுக்கு வராதுக்கா."

"கேரியர்?"

"வராது."

"ஸ்டாண்டு?"

"செவுத்துல சாய்ச்சு வைக்கணும்."

"மணியாவது இருக்கா?"

"மணி எதுக்கு? மலையில யாரு இருக்கா?"

மலையில் யார் இருக்கிறார்களா? காலையில் இந்தத் தோட்டமே மலையில்தான் இருக்கிறது. கொழுந்து வெட்டுகிறவர்கள், சாக்கு தூக்குகிறவர்கள், கங்காணி என்று ஆளுக்கு ஒரு மூலையில் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். மணி இல்லாமல் இவர்களை எப்படி விலக்குவது? வாய் திறந்து கத்த வேண்டுமா? நானா?

ஒரு சைக்கிளுக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் இல்லை. வேண்டாதது இருக்கிறது. கியர்.

"ஏத்தத்துக்கு முன்னாடி சின்னப் பல்லு, பின்னாடி பெருசு. இறக்கத்துக்கு முன்னாடி பெருசு, பின்னாடி சின்னது. அவ்வளவுதான்" என்றான் முருகேசு.

"நம்ம ரோட்டுல ஏத்தம் முடியறதுக்குள்ள இறக்கம் வந்துடுமேடா. அப்ப நடுவுல?"

தலையில் கையை வைத்துக்கொண்டான். சாயந்திரமே கோலாலம்பூருக்குக் கிளம்பிவிட்டான். தப்பித்தான்.

மறுநாள் காலையில் கைலிக்கு உள்ளே காற்சட்டை போட்டுக்கொண்டேன். கேரியர்தான் இல்லையே... பால் கேனைப் பழைய கொழுந்துக் கூடைக்குள் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பழைய சைக்கிளில் பிரேக் என்பது ஒரு வேண்டுதல் மாதிரி. பலமாகப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டால், அது கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கும். அந்த நினைப்பில் இதையும் பலமாகப் பிடித்தேன். சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. முழங்கை கல்லில், பால் தேயிலைச் செடியில்.

அடுத்த நாள் வலியோடு முழு வழியும் தள்ளிக்கொண்டே போனேன். தள்ளுவதற்கு எதற்கு சைக்கிள் என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டுதான் போனேன். பஸ் வந்து, டீ குடித்து, புறப்பட்டும் போயிருந்தது. கோவிந்தன் என் முகத்தைப் பார்க்காமல் அலமாரியைக் காட்டினார். டின் பால் வாங்கி அடுக்கியாகிவிட்டது.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேங்க்கா. அவ்வளவுதான்."

ராத்திரி முழுக்க யோசித்ததில் பழைய வித்தை ஞாபகம் வந்தது. எங்கள் தப்பால் காலத்தில் இறக்கத்துக்குப் பிரேக்கை யார் நம்பினார்கள்? கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை ஒரு கட்டாகக் கட்டி, கயிற்றில் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்குவோம். கட்டு தரையைப் பிடித்து இழுக்கும், வண்டி அடக்கமாகப் போகும். இன்னொரு வசதியும் உண்டு. சரசரவென்று அது போடுகிற சத்தத்தில் ஆட்கள் தானாக விலகுவார்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கட்டினேன். சீட்டுக்குக் கீழே கயிற்றை முடிந்தேன். முதல் வளைவு வரை ராணி மாதிரி இறங்கினேன்.

அப்புறம் கட்டு ஒரு கல்லில் மோதி எகிறியது. கிளையெல்லாம் பின்சக்கரத்துப் பல்லுக்குள் போய் நறநறவென்று சிக்கிக்கொண்டது. நின்றது எங்கே தெரியுமா? கொழுந்து வெட்டுகிற பெண்கள் எல்லோரும் நிற்கிற மேட்டுக்கு நேர் எதிரே. கத்திரிச் சத்தம் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது.

என் லைனில் பக்கத்து வீட்டு முனியம்மாதான் ஆரம்பித்தாள். "என்னக்கா, மலையப் பெருக்கிக்கிட்டே போறீங்களா?"

"மேல கொஞ்சம் குப்பை இருக்கு, அதையும் பெருக்கிடுங்க" என்றார் கங்காணி. "துரைகிட்ட சொல்லிச் சம்பளம் போட்டுடலாம்."

தேயிலைச் செடிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். செடி குட்டை.

சிரித்தாலும் முனியம்மாதான் இறங்கி வந்தாள். கொழுந்துக் கத்திரியால் கயிற்றை வெட்டி, கிளைகளைப் பிடுங்கிப் போட்டாள். கியர் மாற்றுகிற கம்பி கோணிக்கொண்டது. இனிமேல் மாறாது. நல்லதாகப் போயிற்று. ஒரே கியர் என்றால் எனக்கும் புரியும்.

பனி கொஞ்சம் விலகியது. கீழே பெரிய ரோட்டில் முதல் பஸ் வளைந்து வளைந்து இறங்குவது தெரிந்தது. கூடையை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

"கீழ வளைவுல சாக்கு அடுக்கறாங்க, ரோடெல்லாம் ஆளு. கத்திக்கிட்டே போங்க" என்றாள் முனியம்மா.

"நானா?"

"பின்ன, மாடா வந்து கத்தும்?"

பிரேக்கை ரெண்டே விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினேன். கோபம் இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பிரேக் நல்ல பிரேக்தான். முதல் ஆள் எதிரில் வந்தபோது 'ஒதுங்குங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் கடைசி நேரத்தில் குதித்துத் தப்பித்தார்.

அடுத்து சாக்குக் கூட்டம். வாழ்க்கையில் நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டது ஒரே ஒரு ஜீவனைத்தான். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"ஹே... ஹே... செவலே..."

மலை முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிஷம் பார்க்க வேண்டுமே, மாடு அறுத்துக்கொண்டு ஓடி வருகிறது என்று நினைத்து, சாக்கைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு மேட்டில் ஏறிக்கொண்டார்கள். ரோடு காலி. நான் கண்ணை நேராக வைத்துக்கொண்டு போனேன். அடுத்த வளைவிலும் அதையேதான் கத்தினேன். அதற்கடுத்த வளைவில் ஆளே இல்லை. இருந்தாலும் கத்தினேன்.

கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸும் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கோவிந்தன் ஒரு கையில் டின், ஒரு கையில் கம்போடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"மாடு எங்கக்கா?"

"கொட்டகையில இருக்கு. அங்கேயே இருக்கட்டும். இந்தா, பால புடி."

டின்னைத் திறக்காமலே உள்ளே வைத்தார். இன்று வரை அது அலமாரியில்தான் இருக்கிறது. தினமும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

முருகேசு விஷயத்தைக் கேள்விப்பட்டு, சைக்கிளுக்கு ஒரு மணி வாங்கி அனுப்பியிருக்கிறான். பளபளவென்று நல்ல மணி. செவலையின் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பால் கேட்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும்... எனக்கு எதற்கு?