சிங்கம் கத்தட்டும்

என் பெண்ணை நான் சர்க்கஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று இல்லை. பயப்பட வேண்டும் என்று. நீயெல்லாம் என்ன ஜென்மம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல் பட்டவளுக்குத்தான் அது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். ஒரே முற்றம், சுற்றிலும் ஏழெட்டு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். கன்னடத்தில் வட்டாரா என்பார்கள் இங்கே. எங்களுக்கு எதிர் வீட்டில் என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளை இல்லை. நான் ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். அதுவரை பிள்ளை அண்ணியிடம். சோறு அவர் கையால், தூக்கம் அவர் மடியில். சும்மா சொல்லக்கூடாது, தங்கமாகப் பார்த்துக்கொண்டார். அதுதான் என் ஆத்திரமே. ஒரு குறை வைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிள்ளை எதற்காவது மிரண்டால் அண்ணி அவளுடைய கவுனின் கழுத்தை இழுத்து, நெஞ்சுப் பக்கம் தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்புவார். எச்சிலெல்லாம் விழாது, பேருக்குத்தான். அப்புறம் உள்ளங்கையால் நெஞ்சைத் தடவி, "போச்சு, போச்சு, பயம் போச்சு" என்பார். புதுசு ஒன்றும் இல்லை, எனக்கும் சின்ன வயதில் என் அம்மா செய்ததுதான். ஆனால் என் பிள்ளைக்கு என் கண்ணெதிரே இன்னொருவர் செய்கிறபோது பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குக்கரின் வால்வு பிய்த்துக்கொண்டது. பருப்பு கூரை வரைக்கும் அடித்தது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை வீலென்று கத்தினாள். நான் வெளியே பாய்ந்து, முட்டி போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருக்கிறேன். என்னைச் சுற்றிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி எதிர் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். தூ, தூ, தூ என்று அங்கிருந்து கேட்டது. விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே வந்து சுவரில் வழிந்த பருப்பைத் துடைத்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். ஒரு தடவையாவது இவள் பயந்துபோய் என் மடிக்கு வர வேண்டும். அதற்கு, அண்ணி இல்லாத இடமாகப் பார்த்து இவளைப் பயப்படவைக்க வேண்டும்.

அந்த மாதமே மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டார்கள். சிங்கம் இருக்காம் என்று வட்டாராவே பேசியது. அண்ணி பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

"நாங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வரோம் அண்ணி. உங்களுக்கு முட்டி வலி, அந்த கேலரிப் பலகையில எப்படி ஏறுவீங்க?" என்றேன்.

அண்ணி புடவையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "அதுவும் சரிதாம்மா. சிங்கம் கத்துச்சுன்னா புள்ள பயந்துக்கும். கழுத்த இழுத்து மூணு தரம் துப்பிடு, மறந்துடாத" என்றார். பெற்றவளுக்கே பாடம்.

கேலரியில் இடம் பிடித்தோம். கையில் ஒரு பொட்டலம் சுர்முரி, கடலை போட்ட காரப்பொரி. கூண்டைக் கொண்டுவந்து சிங்கத்தை விட்டார்கள். நான் மடியைச் சரிபண்ணி வைத்துக்கொண்டேன். அந்தச் சிங்கம் நின்று நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

"அம்மா, அதுக்குத் தூக்கம் வருது. பாவம்" என்றாள் என் பெண்.

சாட்டையைச் சொடுக்கியதும் ஒருவழியாக உறுமியது. முன் வரிசையில் ஒரு பையன் அவன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முன்பின் தெரியாத அந்த மனுஷன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னுடையது பொட்டலத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பயமா இருந்தா மடியில உக்காரு கண்ணு."

"நீ மறைக்கிறம்மா, தள்ளு."

இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் தலைகீழாகச் சுற்றியது. என் காதே அடைத்துப்போனது. இவள் எழுந்து நின்று கை தட்டினாள். சரி, எனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பார் விளையாட்டு. கூடார உச்சியில் ஊஞ்சல்கள், ஜிகினா உடுப்பில் பெண்கள். அதில் ஒருத்தி சின்னப் பெண். ஊஞ்சலை விட்டுப் பறந்து வந்தாள். எதிரே தலைகீழாகத் தொங்கியவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். எட்டவில்லை. அவள் விழுந்தாள். கீழே வலை கட்டியிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்திவிட்டேன். முகத்தைப் பொத்திக்கொண்டேன். "ஹெதர்பேடி, ஏனூ ஆகில்ல" என்று, பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை என்று, பக்கத்திலிருந்த அம்மா கன்னடத்தில் ஆறுதல் சொன்னார். அந்தப் பெண் வலையிலிருந்து எழுந்து கும்பிட்டாளாம். நான் பார்க்கவில்லை.

என் ரவிக்கையின் கழுத்தைப் பிடித்து ஒரு கை இழுத்தது.

தூ, தூ, தூ. நிஜ எச்சில். அவளுக்குப் பேருக்குத் துப்பத் தெரியாது. சுர்முரி எண்ணெயோடு ஒரு சின்ன உள்ளங்கை என் நெஞ்சைத் தடவியது. "போச்சு, போச்சு, பயம் போச்சு." அண்ணியின் அதே ராகம், அதே இழுப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு நடுவிலும் எரிந்தது. இதையும் அவர்தானே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"படுத்துக்கம்மா" என்று தன் மடியைத் தட்டிக் காட்டினாள். பலகையில் அப்படியே சாய்ந்து அந்தத் துளி மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சர்க்கஸில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு அவளை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். "வாடி தங்கம், சிங்கத்தப் பாத்து பயந்துட்டியா?" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"நான் இல்ல. அம்மாதான் பயந்துடுச்சு."

அண்ணி சிரித்துவிட்டார். "அப்படியா சேதி. இங்க வாம்மா" என்று என் ரவிக்கைக் கழுத்தைப் பிடிக்க வந்தார். பிள்ளை அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம் அத்தை. எங்கம்மாவுக்கு நானே துப்பிட்டேன்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. பிறகு அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அதில் ஈரம் ஒன்றும் இல்லை. நீட்டிய கையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளையை நான் இறக்கிவிடவில்லை.