படகு கரைக்கு வந்த பிறகு தொடங்கிய வகுப்பு

செய்தி வகுப்பின் நடுவே வந்தது. உப்புவெளியில் என் வீட்டிலிருந்து, கணினிக்கு முன்னால் அமர்ந்து, பிள்ளைகளுக்குச் சமிபாட்டுத் தொகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். இரைப்பை வரை வந்திருப்பேன். திரையின் ஓரத்தில், பிள்ளைகள் கேள்வி எழுதும் பெட்டியில் ஒரு வரி தெரிந்தது: "மிஸ், மங்களா டீச்சர் மோசம் போயிட்டாவாம்."

பள்ளிக்கூடத்தில் என்றால் இப்படியொரு மரணச் செய்தியை யாராவது வாசலுக்கு அழைத்து மெல்லச் சொல்லியிருப்பார்கள். இணையவழி ஆசிரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வழமைபோல் கமராவை மூடி வைத்திருந்தார்கள். இந்தப் பழக்கத்துக்காக அவர்களை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். அன்று நானும் என் கமராவை மூடிவிட்டு அழுதேன்.

மங்களேஸ்வரி டீச்சரும் நானும் நகரத்தில் ஒரே பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் விஞ்ஞானம். அவர் ஓய்வுபெற்ற பின், கொழும்பிலுள்ள ஒரு இணையவழிக் கல்வி நிறுவனத்தில் அவரைச் சேர்த்துவிட்டவள் நான்தான். முதல் மாதம் முழுவதும் அதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"முகம் தெரியாத பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது கிணத்துக்குள்ள கதைக்கிற மாதிரி இருக்கு சாந்தி. என்ர குரல்தான் எனக்குத் திரும்பி வருது. நீர் நல்ல வேலை பாத்துத் தந்தீர்."

அன்புவழிபுரத்தில் அவருடைய வீட்டில் குசினியில் மட்டுந்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். ஆகவே குசினியே வகுப்பறையாயிற்று. அலுமாரியில் கரும்பலகையைச் சாத்தி, கதிரைமேல் இடியப்பச் சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தொலைபேசியை நிறுத்துவார். பின்னால் அடுப்பில் பருப்பு வேகும். எழுதத் தொடங்கினால் உலகம் மறந்துவிடும் மனுஷி அவர். "டீச்சர், விசில் போதும், அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்று சாம்பல்தீவிலிருந்து படிக்கும் ஒரு பிள்ளையின் குரல் வரும். அவரும் நன்றி சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்த வகுப்பு இருந்தவரை அவர் வீட்டில் பருப்பு அடிப்பிடித்ததில்லை.

சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வகுப்பு. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று திரையே காட்டிவிடும். ஆனாலும் அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டே தீருவார். குரலாவது கேட்கவேண்டும் என்பார். ஒரு சனிக்கிழமை, மூதூரிலிருந்து படிக்கும் சஹ்னாவைக் கூப்பிட்டார்.

"ஓம் டீச்சர்" என்றது ஒரு தடித்த குரல், இயந்திர இரைச்சலோடு.

"என்ன பிள்ளை, தடிமனோ? குரல் அடைச்சுப் போச்சு. அம்மாட்டைச் சொல்லி அந்தக் கிரைண்டரைக் கொஞ்சம் நிப்பாட்டும்."

"இது கிரைண்டர் இல்ல டீச்சர், போட் எஞ்சின். நான் சஹ்னாட வாப்பா, ஹனீபா. வீட்டில போன் ஒண்டுதான், அது என்னோட கடல்ல இரிக்கி. கரை தெரியிற இடத்துக்கு வந்துட்டன், சிக்னல் புடிக்குது. போன கிழமை வகுப்புத் தவறினதுக்கு மகள் அழுதுட்டா. நீங்க சொல்றத நான் கேட்டுப் போய் அவளுக்குச் சொல்றன்."

மூடியிருந்த கமராக்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்புக் கிளம்பியது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நல்லது. கவனமாக் கேளுங்கோ. கடைசியில கேள்வி கேப்பன்."

கேட்டார். மெய்யாகவே கேட்டார். ஒருங்கமை சமன்பாட்டில் எக்ஸ் என்ற கணியத்தை நீக்கி முடித்திருந்தார்கள்.

"ஹனீபா, இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

"எக்ஸைக் காணல்லியே டீச்சர். இப்பதானே இருந்த."

"அதை நீக்கிப்போட்டம்."

"ஏன், அது என்ன பிழை செஞ்ச?"

அன்று மாலை இதைச் சொல்லி என்னிடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒருத்தரும் இதுவரைக்கும் இந்தக் கேள்வியைக் கேக்கேல்லை சாந்தி. நானும் ஒரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்குடுக்கேல்லை." அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும், எக்ஸை ஏன் சற்றே ஒதுக்கி வைக்கிறோம், எப்போது திரும்ப அழைப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குள் இறங்குவார்.

தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கணிதம் எப்படியிருந்தது என்பது சஹ்னாவின் அடுத்த பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தது. நிறுவனமும் விழித்துக்கொண்டது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையில், வகுப்புக்கு ஒழுங்காக வராதவர் என்று சஹ்னாவின் பெயரை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். மூதூரில் அவளுக்கு வேறு கணித வகுப்பில்லை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் அவள் அதற்குமேல் படிக்கவும் ஏலாது.

டீச்சர் மறுநாளே வகுப்பை எட்டரைக்கு மாற்றினார். படகுகள் வந்து, மீன் இறக்கி, தொலைபேசி வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் அது. நகரத்துப் பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கு வேறு வகுப்பாம். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அந்தக் குசினியில்தான் இருந்தேன். நேரம் தவறாமை பற்றி நீண்ட விளக்கம் நடந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு டீச்சர் சொன்னார்:

"கடல்ல நிக்கிற மனுஷனை ஏழு மணிக்கு வீட்டை வா எண்டு என்னால கூப்பிட ஏலாது, தம்பி. நீங்கள் வேணுமெண்டால் கூப்பிட்டுப் பாருங்கோ."

நிறுவனம் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. சேர்த்துவிட்டவள் நானல்லவா, மன்னிப்புக் கேட்டேன். டீச்சரோ எழும்பி, எனக்கு ஒரு கோப்பை பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு, இலவசமாக வகுப்பு நடத்தும் வழி தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஆனால் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துபோகும் என்றேன்.

"அறட்டும். பிள்ளையள் தண்ணி குடிச்சிட்டு வரட்டும்."

முதற் கிழமை சஹ்னாவும் சாம்பல்தீவுப் பிள்ளைகள் இருவருமே வந்தார்கள். பரீட்சை கிட்டக்கிட்ட, முறையிட்ட பெற்றோரின் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். டீச்சர் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. நானென்றால் இரண்டு வார்த்தையாவது கேட்டிருப்பேன்.

முடிவு வந்த அன்று சஹ்னா முதலில் அழைத்தது டீச்சரைத்தான். கணிதத்தில் 'பி' சித்தி. டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "'ஏ' வரவேண்டிய பிள்ளை நீர். உம்மட வாப்பா படிப்பிச்ச அந்தப் பாடந்தான் கெடுத்தது" என்றார். மறுபக்கத்தில் வாப்பா சிரிப்பது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

அதன்பின் கிண்ணியாவிலிருந்தும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். காய்ச்சலில் விழும் வரைக்கும் டீச்சர் வகுப்பை விடவில்லை. ஒரு கிழமைக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோகும் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை.

இறுதிச் சடங்கு நாளில் பிள்ளைகள் வெள்ளை உடுத்து வரிசையாக நின்றார்கள். பலரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். குரலை வைத்துத்தான் இன்னார் என்று அறிந்தேன். வரிசையின் முடிவில் சஹ்னா நின்றாள். அவளுக்குப் பின்னால், நரைத்த தாடியோடு அவளுடைய வாப்பா, ஹனீபா நானா. அன்றைக்கு அவர் கடலுக்குப் போகவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த டீச்சரின் தமையன் அவரிடம் போய், "ஐயா, வரிசை பிள்ளையளுக்கு. பெரியாக்கள் உள்ளுக்குக் கதிரையில இருக்கலாம். நீங்கள் தங்கச்சிக்கு எப்பிடிப் பழக்கம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் டீச்சர்ட்டப் படிச்ச" என்றார் ஹனீபா நானா. வரிசையை விட்டு அவர் அசையவில்லை.

போய் வாருங்கள் டீச்சர். உங்கள் வகுப்பில் அன்று ஒருவரும் குறையவில்லை.