நான் மறைத்த "ஓம்"

அன்றைக்கு நான் ஏன் "கேக்கேல்லை" என்று சொன்னேன்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கணவர் குளிக்கப் போகும்போது, "பிள்ளையைப் பாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். "ஓம்" என்று நானும் சொன்னேன். பிறகு கைபேசியில், ஏழு மாதக் குழந்தைக்கு எத்தனை மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். மகள் சோபாவிலிருந்து விழுந்தாள்.

ஈரத் தலையோடு ஓடிவந்தவர், "சொல்லிப்போட்டுத்தானே போனனான்?" என்றார்.

"எனக்குக் கேக்கேல்லை. நீங்கள் வாய்க்குள்ளை கதைக்கிறனீங்கள்."

நம்பிவிட்டார். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நெற்றி வீக்கம் இரண்டு நாளில் வற்றியது.

அதற்குப் பிறகு, குப்பை போடப் போவதென்றாலும் என் முன்னால் வந்து நிற்பார். "இஞ்சை பாரும், நான் கீழை போறன். பிள்ளை உம்மட்டை. கேட்டதோ?" தலையாட்டினால் போதாது. "வாயாலை சொல்லும்." ஓம் என்ற பிறகுதான் சப்பாத்துப் போடுவார்.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் புருசெத்தில், தாய்மார் குழந்தைகளோடு போய் இருக்கும் பாலர் பள்ளியில் இதைப் பகிடியாகச் சொன்னேன். பக்கத்திலிருந்த ஜப்பானியத் தாய் சிரித்தாள். தன் கணவரும் மகனின் கையுறையை எப்போதும் மறந்துவிடுவார் என்றாள். வெளிக்கிடப் பையைத் திறந்தால் கையுறை இல்லை. ஆனால் அன்று பை அடுக்கியது அவளேதான்.

"என்னையே தூக்கிச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டேன்" என்றாள் நோர்வேஜிய மொழியில். தன் பிழையை விட்டுவிட்டு மற்றவரைக் குறை சொல்வதை ஜப்பானில் அப்படித்தான் சொல்வார்களாம்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முன்பு கடைக்காரர்கள் இப்போதைக்கு விற்க விரும்பாத சாமானை, வருபவர் கண்ணில் படாமல் மேல் தட்டில் ஏற்றிவிடுவார்களாம். "அப்படிச் சொல்கிறார்கள். எனக்குச் சரியாகத் தெரியாது."

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினேன். ஓரிடத்தில் அதே கடைக்காரர் கதை. இன்னோரிடத்தில், மேலே வைத்ததை யாரும் தொடுவதில்லை, அதனால்தான் என்று மட்டும் இருந்தது. இரண்டையும் வாசித்தேன். அழுகை வரவில்லை. மகளுக்குக் கஞ்சி தீத்தினேன்.

நேற்று கணவர் கேட்டார், "நான் உண்மையிலையே வாய்க்குள்ளைதான் கதைக்கிறனானோ? வேலையிலையும் கேட்டுப் பாத்தனான்."

"என்ன சொன்னவை?"

"வடிவாக் கேக்குதாம். ஆனா உமக்குக் கேக்கேல்லைத்தானே."

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அதையே தொடர்ந்து மடித்தேன்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் மகளை என்னோடு விட்டுப்போகப் பயப்படுவாரோ என்று யோசிக்கிறேன். என் மனம் ஆறத்தான் சொல்லப் பார்க்கிறேனோ என்றும் யோசிக்கிறேன். இப்படி ஒன்றை மாதக்கணக்கில் வைத்திருந்து பிறகு சொன்னவர்கள் யாராவது இதை வாசித்தால், முதல் வசனமாக என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.