பாயோரம் ஒரு பாட்டில்

எங்கள் பள்ளியில் மன்றங்கள் எல்லாம் ஒரே கயிற்றில்தான் தொங்கின. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மன்றங்களுக்கு என்று கால அட்டவணையில் போட்டிருக்கும். மணி அடித்ததும் சைக்கிள் ஷெட் பக்கம் கூட்டிப்போவார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, 'சுற்றுச்சூழல் மன்றம்' என்ற பேனரை மாட்டுவார்கள். நான்கு பேர் கையில் ஒரு செடியைக் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். அதை அவிழ்த்துவிட்டு 'அறிவியல் மன்றம்' மாட்டுவார்கள். செடி பிடித்த அதே நான்கு பேர் கையில் இப்போது பூதக்கண்ணாடி. அப்புறம் சதுரங்கம். அப்புறம் வினாடி வினா. வினாடி வினாவில் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. யோசிப்பது மாதிரி கன்னத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். போட்டோ மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கணக்கு வாத்தியார் வந்து மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்வார்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ரோட்டில் இருக்கிற தனியார் பள்ளிப் பிள்ளைகள் கீபோர்டு, கராத்தே என்று தனியாகப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டார்கள். எங்களுக்கு இருந்தது வாரத்தில் அந்த ஒரு பீரியட். அதையும் போட்டோ எடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டால் வயிறு எரியாதா?

நான் ஒன்பதாம் வகுப்பில் நாடக மன்றத்தில் சேர்ந்தேன். அந்த மன்றத்துக்கு மட்டும் பேனர் இல்லை. அச்சடிக்க மறந்துவிட்டார்களாம். பேனர் இல்லாததால் போட்டோ இல்லை, போட்டோ இல்லாததால் எங்களைத் தேடி வரவும் ஆள் இல்லை. "மேடைக்குப் பின்னாடி போய் சத்தம் போடாம எதையாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் உண்மையாக நடந்த ஒரே மன்றம் எங்களுடையதுதான்.

நாங்கள் ஐந்து பெண்கள். ஐந்து பேரும் ஒரே லைன் வீட்டில் குடியிருந்தோம். லைன் வீடு என்றால் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற ஒற்றை அறை வீடுகள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அநேகமாக எல்லா வீட்டு ஆண்களும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார்கள். என் அப்பா இரும்புக் கம்பி செய்கிற ஆலையில் பர்னஸ் என்கிற உலைப் பக்கம். வாரம் மாற்றி வாரம் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிக் குளித்துவிட்டு, ஒரு துண்டை நனைத்து நெஞ்சின்மேல் விரித்துக்கொண்டு படுத்துவிடுவார். ஷீட்டிலிருந்து இறங்குகிற சூட்டில் வேறு எப்படியும் தூங்க முடியாது. மிக்ஸி சத்தத்துக்கோ லாரி சத்தத்துக்கோ அவர் அசையமாட்டார், மெஷின் சத்தத்திலேயே வாழ்கிறவர். ஆனால் மனிதக் குரல் கேட்டால் விழித்துவிடுவார். அதிலும் 'பஸ்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எழுந்து சட்டையைத் தேடுவார்.

ஒரு வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்கள் லைனில் பகல் முழுக்க எல்லாமே சைகைதான். கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடி, மோவாயால் ஒரு கதவைக் காட்டினால் அந்த வீட்டில் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். மீன்காரர் எங்கள் வாசலுக்கு வந்ததும் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு வாலையும் துடுப்பையும் கையால் ஆட்டிக் காட்டுவார். குழாயடிச் சண்டைகூட அப்படித்தான். ஒருத்தி குடத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, மேலே கடவுளைக் காட்டுவாள். மற்றவள் இடுப்பில் கையை வைத்துக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவாள். அவ்வளவு கெட்ட வார்த்தைகளையும் ஒரு சத்தம் இல்லாமல் பேசிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது வேடிக்கை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. மேடைக்குப் பின்னால் "சத்தம் போடாம பண்ணுங்க" என்று விட்டபோதுதான் தோன்றியது.

அதுதான் எங்கள் நாடகம். பெயர் 'உஷ்'. அப்பா வேஷம் எனக்கு. மேடையில் ஒரு பாய், ஒரு துண்டு. நான் வந்து படுப்பேன். மற்ற நால்வரும் மீன்காரராக, குழாயடிப் பெண்களாக, பந்து விளையாடும் பிள்ளைகளாக, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்களாக மாறி மாறி வருவார்கள். எல்லாம் சைகை. கடைசியில் பொழுது சாய்ந்துவிடும், அப்பா எழுந்திருக்கவேமாட்டார். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்த லைனே வரிசையாக நின்று ஒரே குரலில் கத்தும்: "எழுந்துருப்பா, ஷிப்ட் பஸ் வந்துடுச்சு!" நாடகத்தில் இருந்த ஒரே வசனம் அது. அதோடு முடிந்துவிடும்.

அப்பா இதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அவர் தூங்கும்போது நாங்கள் அவருக்காக என்னென்ன செய்கிறோம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள் மன்றப் பொறுப்பு ஆசிரியை ஒத்திகை பார்க்க வந்தார். தினமும் சென்னையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல். எங்களுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தார். முழுவதையும் பார்த்துவிட்டு, "நல்லா பண்றீங்க. ஆனா இதுல கருத்து என்ன?" என்றார்.

பதிலையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "பட்டப்பகல்ல ஒரு ஆம்பளை தூங்கறான். ஊரே அவனுக்குப் பயந்து நடுங்குது. அப்படின்னா அவன் குடிச்சிருக்கான். பாய் பக்கத்துல ஒரு பாட்டில் வெச்சா போதும், எல்லாம் புரிஞ்சிடும்."

"குடிக்கல மிஸ், நைட் ஷிப்ட்" என்றேன்.

"நைட் ஷிப்ட்டுனா யாருக்கும்மா புரியும்?"

"எல்லாருக்கும் புரியும் மிஸ்" என்றாள் மீன்காரர் வேஷக்காரி.

"சீஃப் கெஸ்டுக்கு?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அந்த மைதானத்தில் உட்காரப்போகிற அத்தனை பேர் வீட்டிலும் ஷிப்ட் உண்டு. புரியாத ஒரே ஆள், பொன்னாடை வாங்கிக்கொண்டு போக வருகிறவர். அந்த ஒருவருக்குப் புரிவதற்காக என் அப்பா குடிகாரராக வேண்டும். என் அப்பா குடிக்கவே மாட்டார் என்று நான் சாதிக்க வரவில்லை. சம்பள நாளில் குடிப்பார், அம்மா திட்டுவாள், அது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் அவர் பகலில் தூங்கியது குடித்ததால் இல்லை, இரவெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றதால். எங்களுக்குப் பாடம் எடுக்கிறவருக்கு எங்கள் அப்பன்மார் எப்போது தூங்குகிறார்கள் என்பது தெரியாதா? பத்து வருஷமாக அதே ஊரில் இறங்கி ஏறுகிறவருக்கு?

நான் அழுததைப் பார்த்து, "சரி, சரி, உங்க இஷ்டப்படியே பண்ணுங்க" என்று போய்விட்டார்.

விழா காலை பத்து மணிக்கு என்றார்கள். அப்பா ஷிப்ட் முடித்து, வீட்டில் குளித்து, படுக்காமல் நேராக வந்துவிட்டார். அம்மாவோடும் லைன் ஆட்களோடும் பந்தலின் நடுவில் உட்கார்ந்தார். சிறப்பு விருந்தினர் வரும்போது மதியமாகிவிட்டது. அப்புறம் பொன்னாடை, ஆண்டறிக்கை, ஆளாளுக்குப் பேச்சு. எல்லா மன்றங்களும் சிறப்பாகச் செயல்படுவதாக அறிக்கையில் வாசித்தார்கள், கை தட்டினார்கள்.

எங்கள் முறை வந்தது. மைக்கில், "அடுத்ததாக நாடக மன்றம் வழங்கும் மது ஒழிப்பு விழிப்புணர்வு நாடகம்" என்றார்கள். அப்பாவின் பழைய கம்பெனிச் சட்டையும் மையால் வரைந்த மீசையுமாக மேடை ஏறினேன். பாய் விரித்திருந்தது. பாயோரம் ஒரு பாட்டில் நின்றது. உள்ளே டீத்தூள் கலர் தண்ணீர்.

அங்கேயே அதைத் தூக்கி அடித்திருக்கலாம் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். அப்போது கை வேறு வழியைக் கண்டுபிடித்தது. பாட்டிலை எடுத்தேன். முன்வரிசையில் ஆசிரியையின் முகம் மலர்ந்தது. மூடியைத் திறந்து, தண்ணீர் முழுவதையும் துண்டில் கொட்டி, பிழிந்து, நெஞ்சில் விரித்துக்கொண்டு படுத்தேன்.

எங்கள் ஆட்கள் வெடித்துச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மீன்காரர் வந்தார், குழாயடிச் சண்டை நடந்தது, ஒரு சத்தமும் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பந்தலின் நடுவில் எங்கள் லைன் முழுக்க வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவில், அம்மாவின் தோளில் தலை சாய்ந்து, அப்பா தூங்கிவிட்டிருந்தார். மைக் சத்தம் அவருக்கு இன்னொரு மெஷின் சத்தம்தான்.

கடைசிக் கட்டம் வந்தது. நால்வரும் என் பாயைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. வசனம் வரவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மீன்காரர் வேஷக்காரி கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடி, மோவாயால் பந்தலைக் காட்டினாள். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் தூங்கும்போது 'பஸ்' என்று கத்த எங்கள் லைன் பிள்ளைகள் யாருக்கும் வாய் வராது. ஒத்திகையில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் வாயை மட்டும் அசைத்துவிட்டு வணக்கம் வைத்தார்கள். எல்லாவற்றையும் விளக்கியிருக்கக்கூடிய ஒரே வரி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கினார். குடிகாரத் தந்தைக்குப் பயந்து பேச்சையே இழந்துவிட்ட பிஞ்சுகளின் வேதனையைப் பேச்சே இல்லாமல் காட்டிவிட்டார்களாம். தனக்குக் கண் கலங்கிவிட்டதாம். எங்களுக்கு முதல் பரிசு. போட்டோவுக்கு ஒரு பேனர் எங்கிருந்தோ முளைத்தது. "பாட்டிலைக் கையில பிடிம்மா" என்றார் போட்டோக்காரர். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியையே அதைப் பிடித்துக்கொண்டார்.

மீசையோடு அம்மாவிடம் ஓடினேன். மேடையில் டான்ஸ் தொடங்கியிருந்தது. எனக்குப் பின்னாலேயே ஆசிரியையும் வந்தார். அப்பாவைப் பார்த்தார். திறந்த வாய், சிவந்த இமை, சாய்ந்த தலை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா நீங்க. இங்கயும் குடிச்சிட்டுதான் வந்திருக்காரா?" என்றார்.

அம்மாவின் வாய் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆட்கள் எழுந்து ஷிப்ட்டுக்குப் போன பிறகு அவள் குரல் ரயில்வே கேட் வரை போகும். அன்றைக்கு அவள் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் தோளில் அப்பா. வார்த்தைகள் வெறும் காற்றாகத்தான் வந்தன.

"இன்னா டீச்சர் பேசுறீங்க? நைட்டு முச்சூடும் பர்னசாண்ட நின்னுட்டு வந்துகிறாரு. பொண்ணு டிராமா பாக்கணும்னு ஊட்ல படுக்காத வந்து குந்திகினுகிறாரு. வேணும்னா வாங்க, வந்து வாய மோந்து பாருங்க. பாருங்கன்றேன்!"

ஆசிரியைக்குப் பாதி காதில் விழவில்லை. "என்னம்மா சொல்றீங்க?" என்று குனிந்தார். அதற்குள் சுற்றி இருந்த லைன் பெண்கள் அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்கள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆசிரியை அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்ன புரிந்துகொண்டு போனார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுக்குக் கோபம் வந்தால்கூட யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் வர வேண்டும். அன்றைக்கு அம்மா கத்தாததை எல்லாம் சேர்த்துத்தான் நான் இப்போது எழுதுகிறேன்.

அப்பா லேசாகக் கண் விழித்தார். எதிரே அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மீசையோடு நான் நின்றேன். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாடி, நம்ம பொண்ணு டிராமா எப்போ?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் தலையைப் பிடித்து மறுபடியும் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் வரல. நீ தூங்குய்யா. வந்தா எழுப்புறேன்."